அண்ணன் பேசாத நொடிகள்

மார்ச் 3

கத்தரிக்கு,

உன் அண்ணன் வைத்த பெயர்தான். பாட்காஸ்டுக்காக அவர் பேசுவதையெல்லாம் வெட்டி ஒட்டிச் சீராக்குகிறவள் என்று செல்லமாக வைத்தார். இப்போது அந்தப் பெயரைச் சொன்னாலே எனக்குப் பல் கூசுகிறது.

மூன்று நாளாக நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய். எடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் கத்தியதே போதும். குரலை என்ன வேண்டுமானாலும் செய்யத் தெரிந்தவள் நீ. உன் குரலைக் கேட்டு எதையும் நம்புகிற நிலையில் நான் இல்லை. எழுது. தாளில் அடித்துத் திருத்தினால் எனக்குத் தெரியும்.

கத்தியபோது பாதியைத்தான் சொன்னேன். இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். ஜனவரியில் ஒருநாள் காலை, உன் அண்ணன் பல் தேய்த்துவிட்டு வந்து என்னிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை. காற்றுதான் வந்தது. பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினோம். "எப்பலேர்ந்து இப்படி?" என்றார் டாக்டர். "இன்னிக்குக் காலைலேர்ந்துதான்" என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து, டிசம்பரில் வெளியான உங்கள் நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினேன். சாக்ரடீஸைப் பற்றி, வாராவாரம் கூடப் பேசுவாரே அந்தப் பேராசிரியை, அவரோடு பேசியது. "பாருங்க டாக்டர், போன மாசம் எப்படிப் பேசறார்னு. கிரேக்கத் தத்துவம் இவருக்குத் தண்ணி பட்ட பாடு."

டாக்டரும் கேட்டுத் தலையாட்டினார். இவ்வளவு திடீரென்று வந்ததென்றால் மன உளைச்சலாக இருக்கும் என்று மாத்திரை எழுதி, ஓய்வெடுக்கச் சொன்னார். இரண்டு மாதம் ஓய்வெடுத்தார். கையில் டீ டம்ளர் நிற்காமல் நழுவ ஆரம்பித்த பிறகுதான் பெரிய மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்தார்கள். கட்டி. மெதுவாக வளர்கிற வகையாம். "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்மா இது. பேச்சுல உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். நாலு பேர் எதிரில் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை அந்தப் பேராசிரியை அவரைப் பார்க்க வந்திருந்தார். கிளம்பும்போது சொன்னார்: "அன்னிக்குப் பதிவு பண்றப்பவே ரொம்பத் தடுமாறினாரும்மா. ஆனா வெளிவந்ததுல அது தெரியவே இல்ல. உங்க நாத்தனாருக்கு அப்படி ஒரு கைவண்ணம்." பாராட்டாகத்தான் சொன்னார்.

எப்போதிலிருந்து? எவ்வளவு? சுற்றி வளைக்காமல் எழுது. இங்கே வராதே.

அண்ணி


மார்ச் 8

அண்ணி,

நாலு தாள் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிந்தேன். இது ஐந்தாவது.

போன வருஷம் ஜனவரியிலிருந்து. சாக்ரடீஸ் எந்தக் குளிரிலும் வெறுங்காலோடுதான் நடப்பார் என்று அண்ணன் சொல்ல வந்தார். "அவர் தெருவுல..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். பதினொரு நொடி. பிறகு, "கால்ல போடுவோமே, அது இல்லாம" என்றார். நான் இங்கிருந்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். "என்னண்ணா, செருப்பைத் தொலைச்சிட்டியா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தப் பதினொரு நொடியை வெட்டினேன். பேசுகிறவரின் திணறலை எடுப்பதுதான் என் பிழைப்பு. எல்லோருக்கும் செய்வதை அவருக்கும் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் இப்போது நிம்மதியாகத் தூங்குவேன். மே மாதம் அவருக்கு "நீதி" என்ற சொல் வரவில்லை. நீதியைப் பற்றிய நிகழ்ச்சியில் நீதி வரவில்லையென்றால் என்ன செய்வது? மூன்று வருஷத்துப் பழைய நிகழ்ச்சிகள் என்னிடம் இருக்கின்றன. அவர் குரலில் இல்லாத சொல் கிடையாது. அதிலிருந்து ஒரு "நீதி"யை எடுத்து இங்கே பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் பேசாததை அவர் வாயாலேயே பேசவைத்தேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது அண்ணி. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

பிறகு வாரத்துக்கு வாரம் கூடிப்போனது. டிசம்பர் நிகழ்ச்சிக்கு ஒன்றே கால் மணி நேரம் பதிவு செய்தோம். வெளியே போனது முப்பத்தெட்டு நிமிஷம். அதிலும் நூற்றுக்கும் மேல் சொற்கள் பழைய சரக்கு. "உங்கள் பேச்சு வரவரத் தெளிவாகிறது" என்று ஒரு நேயர் எழுதியிருந்தார். அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்.

தெரிந்தே செய்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் டாக்டருக்குப் போட்டுக் காட்டிய நிகழ்ச்சியே அதைப் பற்றியதுதான். தெரிந்தே யாரும் தவறு செய்வதில்லை, நல்லது எதுவென்று உள்ளபடி அறிந்தவன் அதைத்தான் செய்வான் என்பது சாக்ரடீஸின் கட்சி. அவர் பேச்சைக் கேட்டால் நான் தப்பித்துவிடலாம். எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடும். பின்னால் வந்தவர்கள் விடவில்லை. தெரிந்தும் வழுக்குகிறவன் உண்டு என்று அதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், அக்ரசியா என்று. அந்தச் சொல்லை அண்ணனால் அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. மூன்று தடவை முயன்றார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய நிகழ்ச்சியிலிருந்து எடுத்து நான்தான் வைத்தேன். நீங்கள் டாக்டருக்குக் காட்டியது அதைத்தான்.

எனக்குத் தெரியும் அண்ணி. களைப்பு, வயசு, கல்லூரியில் வேலை அதிகம் என்று விதவிதமாகப் பெயர் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் உங்களோடு பேசினேன். உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வரும் ஆட்களின் கதையெல்லாம் நீங்கள் சொல்லச் சொல்லச் சிரித்தேன். இரண்டு தடவை வாய்வரை வந்தது. பயமாக இருந்தது, விழுங்கிவிட்டேன்.

நான் வரட்டுமா? ஒன்றும் பேச மாட்டேன். சமைத்துப் போட்டுவிட்டு மூலையில் கிடக்கிறேன்.

கத்தரி


மார்ச் 14

கத்தரிக்கு,

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒரு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கண்ணாடியை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் தபால் வந்தது. பிரித்துப் படித்த பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அரை மணி நேரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அப்படிச் செய்தது இதுவே முதல் தடவை.

நீ டாக்டரை ஏமாற்றியதைப் பற்றி மட்டும் நினைத்து அழுகிறாய். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

போன வருஷம் முழுக்க உன் அண்ணனுக்கு வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. உப்பு வேண்டுமென்றால் கேட்க மாட்டார், எழுந்துபோய் எடுத்துக்கொள்வார். கடையில் நடந்ததைச் சொன்னால் "ம்" என்பார். புதன்கிழமை காலையில் உங்கள் நிகழ்ச்சி வரும். பஸ்ஸில் போகும்போது கேட்பேன். மடை திறந்த மாதிரி பேசுவார். கிரேக்கத்து ஸ்டோயிக் ஞானிகள் சொன்னது, எதையும் சந்தேகிக்கிற ஐயவாதிகள் மறுத்தது என்று ஓரிடத்தில் நிற்காமல் போவார். நடுவில் அந்தப் பேராசிரியையின் சிரிப்பு வேறு. ஊர் உலகத்துக்கெல்லாம் கொட்டிக் கொடுக்கப் பேச்சு இருக்கிறது, கட்டினவளிடம் பேசத்தான் மனசில்லை என்று நினைத்தேன். என் புத்தி எங்கெல்லாமோ போனது. எழுத அருவருப்பாக இருக்கிறது.

ஆகஸ்டில் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "என்கிட்ட பேச மட்டும் உங்களுக்கு வார்த்தை இல்லையா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று நினைக்கிறாய்? தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து நானும் பேசுவதை நிறுத்தினேன். நீங்க என்ன பெரிய இது, நானும் காட்டறேன் என்று வீம்பு. ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் சிரித்துப் பேசியதுகூடப் பாதி அவர் காதில் விழட்டும் என்றுதான்.

ஆகஸ்டிலிருந்து ஜனவரிவரை. அவருக்குப் பேச்சு மிச்சமிருந்த கடைசி ஐந்து மாதம்.

நீதான் பழையதிலிருந்து எடுத்து ஒட்டுவதில் கெட்டிக்காரியாயிற்றே, இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

அறுவைச் சிகிச்சை செய்யப்போகும் டாக்டர், பேச்சு எந்த மாதம் எப்படி இருந்தது என்று வரிசையாகக் கேட்க வேண்டும் என்கிறார். கட்டி எவ்வளவு நிதானமாக வளர்ந்தது என்பதற்கு அது உதவுமாம். உன்னிடம் இருக்கிற எல்லாப் பதிவையும் அனுப்பு. நீ கைவைக்காததை. உடனே அனுப்பு. ஐயவாதிகள் மாதிரி எந்த முடிவுக்கும் வராமல் உட்கார்ந்திருக்க அவர்களுக்கு நேரம் இருந்தது, எனக்கு இல்லை.

வராதே என்று சொன்னது சொன்னதுதான்.

அண்ணி


மார்ச் 18

அண்ணி,

பென் டிரைவில் ஜனவரியிலிருந்து டிசம்பர்வரை நாற்பத்தாறு பதிவுகள் வைத்திருக்கிறேன். தேதிவாரியாக அடுக்கியிருக்கிறேன். பதிவானது பதிவானபடியே இருக்கிறது, ஒன்றையும் தொடவில்லை.

ஆகஸ்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. என்ன சொன்னாலும் அது பதிலாக இருக்காது. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரியாவது எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கத்தரி


மார்ச் 27

கத்தரிக்கு,

உன் அண்ணன் சாப்பிடுகிறார், நடக்கிறார். நாளிதழைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, ஆனால் படிப்பதாகவும் தெரியவில்லை. ஒரு நாளைக்குப் பத்துச் சொல் வரும். என் பெயர் சில நாள் வருகிறது.

டாக்டர் கேட்டார். மாதத்துக்கு ஒன்று என்று எடுத்துக் கேட்டுவிட்டுக் காதிலிருந்ததைக் கழற்றினார். "இது ரொம்ப உதவும்மா" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, "போன வருஷமே வந்திருந்தா இதுல பாதி அளவுதான் இருந்திருக்கும்" என்றார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லத் தெரியவில்லை. விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து, பேசவைத்துக்கொண்டே அறுப்பார்களாம். எந்த இடத்தைத் தொட்டால் பேச்சு நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டுமாம்.

டாக்டர் பன்னிரண்டு கேட்டார். நான் நாற்பத்தாறையும் கேட்டேன். கடையைப் பூட்டிவிட்டு வந்து, அவர் தூங்கும் நேரமெல்லாம், ராத்திரி முழுக்கவும் கேட்டேன். ஒரு சொல்லுக்காக அவர் படுகிற பாட்டைக் கேட்கும்போது பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கக் கை பரபரக்கிறது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதே என்று என்மேலேயே கோபம் வந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அவர் அறையில் சுவர்க் கடிகாரம் இருக்கிறதே, அதைக் கழற்றச் சொல்லி நீ எத்தனை தடவை கெஞ்சினாய், அவர் கேட்கவில்லை. எல்லாப் பதிவிலும் அது பின்னால் டிக் டிக்கென்று ஓடுகிறது. அக்டோபர் இரண்டாவது பதிவின் கடைசியில், பேராசிரியை போய்வருகிறேன் என்று சொன்ன பிறகு, உன் அண்ணன் "கத்தரி, இருக்கியா?" என்கிறார். அடுத்து இரண்டு டிக் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. உடனே நாற்காலியை நகர்த்துகிற சத்தம். முடிந்துவிட்டது. மூன்று முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நடுவில் ஏதோ போயிருக்கிறது. ஒரு வாரம் இதையே கேட்டுக் கேட்டு உன் தொழில் எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது.

ஒன்றையும் தொடவில்லை என்று எழுதினாய். இவ்வளவு நடந்த பிறகும் வெட்டியிருக்கிறாயே, நீ என்ன பிறவி? என்ன இருந்தது அதில்?

அண்ணி


ஏப்ரல் 1

அண்ணி,

பொய்தான் சொன்னேன். விடுபட்ட துண்டை இதோடு அனுப்பியிருக்கிறேன். இரண்டு நிமிஷம் பதினாறு நொடி. கேட்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். சொற்கள் எங்கே முடிகின்றன என்று முதல் தடவையிலேயே பிடிபடாது.

"கத்தரி, இருக்கியா?" என்கிறார்.

"இருக்கேண்ணா."

"இதெல்லாம் எடுத்துடு. என்னோட..." ஆறு நொடி. "ஓட்டையெல்லாம்."

"அண்ணா, டாக்டர்கிட்ட போகலாம்ணா. நான் அண்ணிகிட்ட சொல்றேன்."

"வேணாம்." இதுமட்டும் சட்டென்று வருகிறது. பிறகு பதினாலு நொடி ஒன்றுமில்லை. நான் அவசரப்பட்டு, "சொல்லுண்ணா, ஏன் வேணாம்?" என்கிறேன்.

"அவ இதைக் கேக்கறா. பஸ்ல. புதன்கிழமை." மறுபடியும் நிறுத்தம். "வீட்ல முடியல கத்தரி. அவ முன்னாடி வாய் வரல. இதுலயாவது நான்..." எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது நொடி. "நல்லா பேசறது அவளுக்குக் கேக்கட்டும்."

அவ்வளவுதான். நான் "சரிண்ணா" என்றேன். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு போன். அதைச் செய்யாமல், அந்த வாரம் என் வாழ்க்கையிலேயே இல்லாத அளவுக்குக் கவனமாக வெட்டினேன். உங்களுக்காக அவர் அனுப்புகிற பொருள், அதில் பிசிறு இருக்கக் கூடாது என்று நினைத்தேன். டிசம்பர்வரை அப்படித்தான். இதை அன்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்தச் சொல்லையே எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்டதும் பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தேன். இந்தத் துண்டும் அதில் இருந்தது. பிறகு, ஆகஸ்டைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுபடியும் படித்தேன். அவர் உங்களுக்காகத்தான் பேசினார் என்று தெரிந்தால், அதைக் கேட்டுக் கேட்டே நீங்கள் அவரோடு பேசாமல் இருந்தீர்கள் என்பதை எப்படித் தாங்குவீர்கள் என்று நினைத்தேன். பழி என்மேல் மட்டும் இருக்கட்டும், எனக்கு அது பழகிவிட்டது என்று எடுத்துவிட்டேன். உங்களுக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று மறுபடியும் நானே முடிவு செய்தேன். கடிகாரம் எனக்குக் கேட்கவில்லை.

இனி வரட்டுமா என்று கேட்கமாட்டேன்.

கத்தரி


ஏப்ரல் 6

கத்தரிக்கு,

படித்தேன். கேட்டேன். கேட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.

உன்மேல் இருக்கிற கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் பாதி உன் அண்ணனுக்குச் சேர வேண்டியது, இன்னொரு பாதி எனக்கு. அவரால் பதில் சொல்ல முடியாது. என்னையே நான் எவ்வளவு நேரம் திட்டிக்கொள்வது? பதில் எழுதுகிற ஆள் நீ ஒருத்திதான் இருந்தாய், எல்லாவற்றையும் உன் தலையில் கொட்டினேன். நியாயமில்லை என்று தெரிந்துதான் கொட்டினேன். தெரிந்தே யாரும் தவறு செய்வதில்லை என்று சொன்ன உன் சாக்ரடீஸ் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் அவர் எதிரில் உட்கார்ந்து அந்தத் துண்டைப் போட்டேன். செய்யலாமா கூடாதா என்று யாரையும் கேட்கவில்லை. தன் குரலை அடையாளம் கண்டுகொண்டார். முகம் மாறியது. முடிந்ததும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, நின்றது, மறுபடியும் அசைந்தது. நான் எழுந்திருக்கவில்லை. வேலையும் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எண்ணவில்லை.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். ஒரு புதன்கிழமை விடாம கேட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார் கத்தரி. கோணல் சிரிப்புதான், வலது பக்கம் இப்போது சரியாக வருவதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எவ்வளவு ஆத்திரத்தோடு கேட்டேன் என்று நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதை, பாதியில் அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்ததை, ஒன்றையும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சொல்ல வாய் வரவில்லை. அத்தனையும் வெட்டிவிட்டேன்.

ஆகவே நீ எப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மன்னிப்பதற்கு இன்னும் நாளாகும், ஒருவேளை ஆகாமலே போகலாம். அதற்காகக் காத்திருக்காதே. இருபத்திரண்டாம் தேதி அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு எத்தனை சொல் மிஞ்சும் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. பதினெட்டாம் தேதிக்குள் வந்துவிடு. இருக்கிற பேச்சை வந்து கேள்.

அண்ணி